முன்னோன் கட்டிய கோயிலும் பின்னோன் கற்ற பாடமும்

ஒரு கோயிலைக் கட்டுவித்தவன் யாரென்று கேட்டாற் பள்ளிச் சிறுவனும் விடை பகருவான். தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டுவித்தவன் இராசராசன், காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டுவித்தவன் இராசசிங்கன் என்பன சரித்திர பாடத்தின் முதல் வரிகள். ஆயின், அக்கோயில்களைக் கட்டியவர் யாவர்? நூல் பிடித்து நிலம் அளந்தவர் யாவர்? கல்லின் தன்மை அறிந்து தேர்ந்தவர் யாவர்? இத்தனை முழம் அகலத்திற்கு இத்தனை முழம் உயரம் என்று மனத்திலே கண்டு, அதனை மண்மேல் எழுப்பியவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை கூறுவார் நம்மிடையே மிகச் சிலரே.

கிறித்தவக் கல்லூரிகளிற் பயின்று வந்த எம்போன்ற மாணவர், இலண்டன் மாநகரத்துச் சென்ற் போல் தேவாலயத்தைக் கட்டியவர் கிறிஸ்தோபர் றென் என்பதைத் தடையின்றிச் சொல்வர். அவ்வாறு அறிந்திருத்தல் நன்றே. ஆனால், அதே மாணவரிடம் பட்டடக்கல் குண்டன் யாரென்று வினவினால் ஒருவரை ஒருவர் பார்த்து விழிப்பர். றென் என்பார் பிறப்பதற்கு ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்னரே, தாம் கட்டிய கோயிலின் வாயிலிலே பெயர் பொறிக்கப்பெறும் பேறு பெற்றவர் இக்குண்டன் என்னும் சிற்பாசாரியார். அவர் யாரிடம் கற்றார், எதைக் கற்றார், எதைக் கொள்ளாது விட்டார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது பழம்பெருமை பேசி மகிழ்வதற்காக எழுந்ததன்று. நமது நாட்டிலே ஊர்கள்தோறும் திருப்பணிகள் நிகழுங் காலம் இது. பழையது கழிந்து புதியது எழும் இவ்வேளையில், முன்னோரைப் பின்பற்றுதல் என்பதன் பொருள் யாதென்று இளைஞரும் பெரியோரும் ஒருங்கிருந்து சிந்தித்தல் வேண்டும்.

தமிழ்நாட்டிற் கோயில்கள் ஆதியிலே மரத்தாலும் செங்கல்லாலும் கட்டப்பட்டன. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன், மண்டகப்பட்டு என்னுமிடத்திற் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்கும் ஓர் ஆலயம் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எவையும் இன்றி அதனை ஆக்கியதாக அங்குள்ள கல்வெட்டிலே பெருமிதத்துடன் பொறித்தும் வைத்தான். அவனுக்குப் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, கி. பி. 700ஆம் ஆண்டையடுத்து ஆண்ட இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிங்கன், குடைந்த பாறையை விட்டு, வெட்டிய கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காஞ்சிமாநகரிலே கைலாசநாதர் கோயிலை எழுப்பினான்.

அக்கோயிலின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். அடித்தளத்திலே பாரந் தாங்குவதற்குக் கருங்கல். அதன்மேல் உளிக்கு இளகிக் கொடுக்கும் மணற்கல். நடுவே கூம்பி உயரும் விமானம். அதன் மூலைகளிலும் பக்கங்களிலும் ஒட்டி நிற்கும் சிறு சந்நிதிகள். கருவறையைச் சுற்றி, ஒருவர் குனிந்தும் தவழ்ந்தும் செல்லக்கூடிய ஒடுங்கிய பிரதட்சிண வழி. திருச்சுற்று மதிலின் உட்புறத்திலே வரிசை வரிசையாக 58 சிறு கோயில்கள். தூண்களின் அடியிலே முன்காலைத் தூக்கி எழுந்து நிற்கும் சிங்கங்கள். முன்மண்டபமோ ஆதியில் விமானத்தோடு சேராது தனித்தே நின்றது. இரண்டையும் இணைக்கும் கட்டடம் பிற்காலத்திலே சேர்க்கப்பட்டது. இவற்றையெல்லாம் நாம் நினைவில் வைத்துக்கொண்டு, இனிப் பகைவன் நாட்டிற்குச் செல்வோம்.

பல்லவர்க்கும் வாதாபிச் சாளுக்கியர்க்கும் இடையே தலைமுறை தலைமுறையாகப் பகை நிலவியது. கி. பி. 642ஆம் ஆண்டில் முதலாம் நரசிம்மவர்மனுடைய படை வாதாபியைக் கைப்பற்றி அழித்தது. பின்னாளிற் சிறுத்தொண்ட நாயனார் எனப் போற்றப்பெற்ற பரஞ்சோதியார் அவ்வாதாபிப் போரிற் சென்றவரென்பதைப் பெரிய புராணம் பயின்ற பெரியோர் நன்கறிவர். தலைநகரை இழந்த சாளுக்கியர் அதனை மறப்பரோ? கி. பி. 733ஆம் ஆண்டையொட்டி அரியணை ஏறிய இரண்டாம் விக்கிரமாதித்தன் பெரும்படையுடன் காஞ்சிமேற் படையெடுத்து வந்து நகரைக் கைக்கொண்டான். வாதாபிக்குப் பழிவாங்க ஏற்ற வேளை அது. இராசசிங்கனுடைய கோயிலிலே பொன்னும் பொருளும் குவிந்து கிடந்தன. கொள்ளையிடுவதற்கும் இடிப்பதற்கும் தடை சொல்வார் எவருமிலர்.

அங்கே நிகழ்ந்ததைக் காஞ்சிக் கோயிலின் மண்டபத் தூணொன்றிலே கன்னட மொழியிற் பொறித்த கல்வெட்டு இன்றும் கூறிக்கொண்டிருக்கின்றது. வெற்றி பெற்ற மன்னன் இராசசிங்கேச்சுரத்தின் செல்வத்தைக் கண்டான். அதனைக் கவராது இறைவனுக்கே திருப்பி அளித்தான். பல்லவன் கட்டிய தமிழ்நாட்டுக் கோயிலிலே, அவனுடைய பகைவன், தன் மொழியிலே, தன் அறச்செயலை எழுதி வைத்துச் சென்றான்! உலக சரித்திரத்தில் வெற்றிச் சின்னங்கள் பல உள. வென்றவன் தோற்றவனுடைய கோயிலைக் காத்தமைக்குச் சான்றாக நிற்கும் இத்தகைய சின்னங்கள் சிலவே.

இதனோடு நமது நாட்டுச் செய்தி ஒன்றையும் ஒப்பிடாதிருக்க இயலவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே திருகோணமலையைக் கைக்கொண்ட போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர். அதன் கற்கள் கோட்டை கட்டுவதற்குச் சென்றன. ஒருவன் கோயிலைக் கண்டு வணங்கிக் கற்றுச் சென்றான். மற்றவன் கோயிலைக் கண்டு கற்குவியல் என்று கணக்கிட்டான். கண்கள் ஒன்றே, காணும் உள்ளங்கள் வேறு.

விக்கிரமாதித்தன் காஞ்சியிலிருந்து கொண்டுசென்ற பொருள்களுள் மேலானது அங்கு கண்ட காட்சியே எனலாம். அவனுடைய பட்டத்தரசி உலோகமாதேவி, தன் கணவன் காஞ்சியை மும்முறை வென்றமையின் நினைவாக, மலப்பிரபை ஆற்றங்கரையிலுள்ள பட்டடக்கல்லில் உலோகேச்சுரம் என்னும் சிவாலயத்தை எடுப்பித்தாள். ஏறக்குறைய கி. பி. 740ஆம் ஆண்டில் எழுந்த அக்கோயிலே இக்காலத்தில் விருபாட்சர் கோயில் என வழங்குவது. அதன் கீழை வாயிலிற் பொறித்த கல்வெட்டு, அக்கோயிலின் சூத்திரதாரியாகிய குண்டனுக்குத் திரிபுவனாசாரி என்னும் பட்டம் வழங்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. அக்கோயிலிலுள்ள வேறொரு கல்வெட்டோ, தென்றிசைச் சூத்திரதாரியாகிய சர்வசித்தி ஆசாரியின் திறமையைப் புகழ்கின்றது. மாளிகை முதலாக ஊர்தி, இருக்கை, மணிமுடி ஈறாகப் பலவும் சமைக்க வல்லவன் அவன் என்பது அதன் கருத்து.

குண்டன் காஞ்சியினின்றும் கற்றவை எவை? விமானம் படிப்படியாகக் கூம்பி உயர்ந்து சிகரத்தில் முடியும் அமைதி ஒன்று. ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் கூடமும் சாலையும் மாலைபோலத் தொடர்ந்து வரும் ஒழுங்கு மற்றொன்று. சுற்றுமதிலின் உட்புறத்திலே சிறு கோயில்களை வரிசைப்படுத்துதல் பிறிதொன்று. காஞ்சியை ஒருமுறை கண்டவன் பட்டடக்கல்லின் முற்றத்தில் நின்றால், பழகிய முகமொன்றைக் கண்டதுபோல உணர்வான்.

ஆயினும், குண்டன் காஞ்சியைப் படியெடுத்தானல்லன். தனித்து நின்ற மண்டபத்தை விமானத்தோடு ஒன்றாக இணைத்தான். அம்மண்டபத்தைப் பல தூண்கள் தாங்கும் பேரவையாக விரித்து, மூன்று பக்கமும் முகமண்டபம் வைத்து, அடியார் கூட்டம் உள்ளே நின்று வழிபட இடந் தந்தான். தவழ்ந்து செல்லும் ஒடுங்கிய சுற்றுவழியை நிமிர்ந்து நடக்கும் வழியாக்கி, துளையிட்ட கற்சாளரங்களால் அதற்கு ஒளியூட்டினான். காஞ்சியில் எங்கணும் எழுந்து நிற்கும் சிங்கத் தூண் வரிசையை அவன் பின்பற்றவில்லை. அது பல்லவர்க்கு உரிய அடையாளம். விமானத்தின் முகப்பிலே சுகநாசி என்னும் உறுப்பை முன்னே நீட்டி அமைத்தான். அது சாளுக்கிய நாட்டு வழக்கு. தன் நாட்டு மணற்கல்லின் இயல்பறிந்து தூண்களிலே இராமாயண பாரதக் கதைகளைச் செதுக்குவித்தான்.

இவ்விடத்தில் ஒன்று கூறுதல் நடுநிலைமைக்கு அழகாகும். சாளுக்கிய நாட்டுச் சிற்பிகள் காஞ்சியைக் காணுமுன் ஒன்றும் அறியாதவர் என்று கொள்ளலாகாது. வாதாபியிலுள்ள மலெகித்தி சிவாலயம் ஏழாம் நூற்றாண்டிலேயே தென்னாட்டு விமான முறையில் அமைந்தது. பட்டடக்கல்லிலேயே வடநாட்டுச் சிகரமுடைய கோயில்களும் அருகருகே நிற்கின்றன. கைத்திறன் நிறைந்த அந்நாட்டிலே பிறந்தமையாற்றான், காஞ்சியிற் கண்டவற்றுள் எதைக் கொள்ளலாம், எதை விடலாம் என்று ஆராயும் அறிவு குண்டனுக்கு வாய்த்தது. வெறுங்கையன் கடன் வாங்குவான். கைப்பொருள் உடையவன் வாணிகம் செய்வான். கலையிலும் இதுவே நியதி.

இப்பட்டடக்கல் விளக்கிலிருந்து இன்னொரு விளக்கு ஏற்றப்பட்டது. கி. பி. 753ஆம் ஆண்டையொட்டிச் சாளுக்கியரை வீழ்த்தி இராட்டிரகூடர் தலையெடுத்தனர். அவர்களுள் முதலாம் கிருட்டிணன், கி. பி. 756 முதல் 773 வரை ஆண்டவன், எல்லோராவிலே கயிலாயநாதர் கோயிலை ஆக்குவித்தான். வாயில், நந்தி மண்டபம், மூன்று முகமண்டபமுடைய பேரவை, விமானம் என்னும் அதன் வரிசை விருபாட்சர் கோயிலின் வரிசையே. ஆனால் இங்கே கல்லை அடுக்கவில்லை, மலையைச் செதுக்கினர். எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையில் மூன்று பக்கமும் ஆழ்ந்த அகழி வெட்டி, நடுவே தனித்து நின்ற பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்தனர். மற்றைக் கோயில்களுக்கு அடித்தளம் முதல். இதற்கோ சிகரம் முதல். கட்டுங் கோயிலிற் கல் பிழைத்தால் வேறு கல் வைக்கலாம். செதுக்குங் கோயிலிற் பிழைத்தால் மலையை மாற்ற முடியுமோ?

எல்லோராச் சிற்பியும் தன் ஆசானைத் தாண்டிச் சென்றான். கோயில் பள்ளத்துள் அமிழ்ந்து தோன்றாதபடி, ஏறக்குறைய 25 அடி உயரமான பீடத்தின்மேல் அதனை ஏற்றி, அப்பீடத்தைச் சுற்றிலும் யானைகளை நிறுத்தினான். மலையே யானைகளின் முதுகின்மேல் அசைவதுபோன்ற தோற்றம் பிறந்தது. கி. பி. 812ஆம் ஆண்டையொட்டிய இராட்டிரகூடச் செப்பேடு ஒன்று இக்கோயிலைப் பற்றிச் சுவையான செய்தி தருகின்றது. இதனைக் கண்டு தேவரும் வியந்தனராம். செய்து முடித்த சிற்பியும், இதனை யான் எங்ஙனம் செய்தேன், மீண்டும் செய்ய வல்லேனோ என்று தானே திகைத்தானாம். அச்சிற்பியின் பெயரை நாம் அறியோம். அவன் திகைப்பை மட்டும் செப்பேடு நமக்குக் காத்துத் தந்துள்ளது.

தெற்கே சோழர் எழுந்தபோதும் காஞ்சிக் கற்றளி மறக்கப்படவில்லை. சோழர் காலக் கல்வெட்டு அதனைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்று சிறப்பித்துக் கூறுகின்றது. கல்லாலே பெருவிமானம் எழுப்பலாம் என்ற துணிவு தஞ்சையிலே அதன் உச்சியை எட்டியது. கி. பி. 1010ஆம் ஆண்டிலே இராசராசன் விமானத்துக்குப் பொற்கலசம் ஈந்த இராசராசேச்சுரம் 13 நிலைகளோடு ஏறத்தாழ 216 அடி உயரமுடையது. அதனைக் கட்டிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனுடைய பெயரைக் கோயிற் கல்வெட்டே கூறும். அரசன் தன் பெயரைப் பெருந்தச்சனுக்குப் பட்டமாகச் சூட்டி, தன் கோயிலிலேயே அதனை எழுதுவித்தான் என்றால், அக்காலத்திற் சிற்பிக்கு இருந்த மதிப்பை வேறு சொல்லவும் வேண்டுமோ?

அவன் மகன் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்திலே கட்டுவித்த கோயில் மேலும் ஒரு பாடம் புகட்டுகின்றது. தந்தையின் விமானத்தை விட உயரமாக எழுப்ப அவனுக்குப் பொருளும் ஆளும் இல்லாமற் போகவில்லை. இருந்தும் அவ்விமானம் தஞ்சையினும் தாழ்ந்தது. தஞ்சை விமானத்தின் கோடுகள் நேரியவை. இதன் கோடுகளோ உள்வளைந்து நெளிந்து மேலெழுபவை. உயரத்தாற் போட்டியிடாது வடிவத்தாற் புதுமை செய்த அப்பெருந்தச்சன் முன்னோனையும் மதித்தான், தன்னையும் இழந்தானல்லன்.

அம்மரபு கடல் கடந்து நமது நாட்டிற்கும் வந்தது. மாதோட்டத்திலே தாழிகுமரன் என்பான் இராசராசேச்சுரம் என்னும் கோயிலைக் கட்டுவித்தான். அக்கோயில் இன்று இல்லை. கல்வெட்டு மட்டுமே எஞ்சியுள்ளது. பொலன்னறுவையிலோ, இராசேந்திரனின் அன்னை பெயரால் அமைந்த வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் நிற்கின்றது. அந்நகரத்துக் கட்டடங்கள் பெரும்பாலும் செங்கல்லால் ஆனவை. இதுவோ அடி முதல் முடி வரை கல்லால் ஆயது. அளவிலே மிகச் சிறிது. தஞ்சை விமானத்தின் பேருருவை இங்கே கொணர அச்சிற்பி முயலவில்லை. அதன் இலக்கணத்தை மட்டும் கொணர்ந்து, இவ்விடத்துக்குத் தக்க அளவிலே சுருக்கி அமைத்தான். பெரிய புலவன் பேரிலக்கியமும் பாடுவான், நான்கடி வெண்பாவும் பாடுவான். இரண்டிலும் யாப்புப் பிழையாது.

மேனாட்டாரும் இவ்வாறே கற்றனர். இத்தாலிய நாட்டுப் பல்லாடியோ, உரோமாபுரியின் இடிந்த கட்டடங்களை அளந்து வரைந்து, 1570ஆம் ஆண்டிலே கட்டடக் கலையைப் பற்றி நான்கு பகுதிகளையுடைய நூலை வெளியிட்டார். அந்நூலைக் கைவிளக்காகக் கொண்டு இங்கிலாந்தில் இனிகோ யோன்ஸ் புதிய கட்டட முறையைத் தொடக்கி வைத்தார். அவர்கள் பழமையை அளந்தார்கள் என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். கண்ணாற் கண்டு புகழ்ந்ததோடு நில்லாது, கோலெடுத்து அளந்து, ஏன் இவ்வளவு என்று வினவினார்கள்.

இனி நம்மவர் நிலையைச் சிறிது பார்ப்போம். ஒரு கோயிலிலே திருப்பணி தொடங்குமுன் நாம் செய்வது யாது? வேறோர் ஊர்க் கோபுரத்தின் படத்தைக் காட்டி, இதனினும் ஒரு நிலை கூடுதலாக வேண்டும் என்கின்றோம். சுண்ணாம்பும் கல்லுமாக நூறாண்டுக்கு மேல் நின்ற பழைய விமானத்தை இடித்து, அதன் அளவு இன்னதென்று ஒரு தாளிலேனும் குறியாது, சீமெந்திலே வேறொன்றை வார்க்கின்றோம். கட்டிய ஆசாரியாரின் பெயர் கும்பாபிடேக மலரில் உபயகாரர் பெயர்களுக்குக் கீழே ஒரு வரியாக நிற்கின்றது. சிலவற்றில் அதுவும் இல்லை.

பெரியோர் சிலர் இதற்கு மறுமொழி கூறுவர். ஆலயம் அருங்காட்சிச்சாலையன்று, வழிபாடு நிகழும் இடம், சிதைந்ததைப் புதுக்குதலும், அடியார் பெருகும்போது விரித்தலும் ஆகமம் விதித்தவையே என்பர். அது முற்றும் உண்மை. குண்டனும் மண்டபத்தை விரித்தானன்றோ? சுற்றுவழியை அகலமாக்கினானன்றோ? நாம் மாற்றத்தை மறுத்தோமல்லேம். பழையதன் இலக்கணத்தை அறிந்து மாற்றுதல் ஒன்று. அறியாது அழித்தல் வேறொன்று என்பதே நாம் விண்ணப்பிப்பது. 1907ஆம் ஆண்டு தொடங்கிக் கொழும்பிலே பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கற்றளியாகப் புதுக்கிய சேர். பொன். இராமநாதன் அவர்கள் இருபதாம் நூற்றாண்டிலே வாழ்ந்தவர்; ஆயினும் கல்லையும் மரபையும் கைவிட்டாரல்லர். வேண்டியது பொருள் மட்டுமன்று, பொறுமையும் என்பதை அக்கோயில் நமக்குச் சொல்லுகின்றது.

ஆதலால், சங்கத்து இளைஞர்களாகிய நாம் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அளவு நாடா ஒன்று, தாள், பென்சில், இரண்டு விடுமுறை நாட்கள் போதும். நம் ஊர்க் கோயிலொன்றின் மண்டப நீள அகலங்களை அளப்போம். தூண்களின் வடிவத்தை வரைவோம். விமானத்தின் தளங்களை எண்ணிப் பெயரறிந்து எழுதுவோம். அவ்வடிவங்கள் ஏன் அவ்வாறு அமைந்தன என்று மூத்த ஆசாரியார்களிடம் சென்று பணிந்து கேட்போம். அக்கோயிலைக் கட்டிய கைகளுக்கு உரியவர் பெயரை முதியோர் நினைவிலிருந்து பெற்றுப் பதிவு செய்வோம். நாளை அங்கே திருப்பணி நிகழுமாயின், ஆசாரியார் கையிலே அவ்வேடு இருக்கும். அவர் அதனைப் பார்த்து எதைக் கொள்வது, எதை மாற்றுவது என்று தெளிந்து தீர்மானிப்பார். பெரியோர்கள் பரிபாலன சபைகளிலே இதற்கு இடமளித்து எம்மை வழிப்படுத்துதல் வேண்டும்.

காஞ்சியைக் கட்டியவன் பட்டடக்கல்லை அறியான். பட்டடக்கல்லைக் கட்டியவன் எல்லோராவைக் கனவிலும் கண்டிலன். தத்தம் காலத்துப் பணியை அவரவர் செம்மையாகச் செய்து வைத்தனர். பின்வந்தவன் வந்து கற்பதற்கு அது நின்றது. நாம் இடிப்பதற்குமுன் ஒருமுறை அளந்து பார்ப்போமாயின், நமக்குப் பின் வருகின்றவனுக்கும் கற்பதற்கு ஏதேனும் நிற்கும்.